டீசல் லொறித் தொழிலும் நம் மாணவரும்

கல்லூரி மலரொன்றிலே சமயக் கட்டுரைகளையும் தாபகர் வரலாற்றையும் பழைய கிரிக்கெட் ஆட்டங்களின் நினைவுகளையும் வாசித்துப் பழகியவர்கள், லொறி திருத்தும் தொழிலைப் பற்றிய இக்கட்டுரையைக் கண்டு சிறிது தயங்கக்கூடும். அந்தத் தயக்கமே இதனை எழுதத் தூண்டியது. பழைய மாணவர் சங்கக் கூட்டங்களிலே நண்பர்கள் ஒருவர் மற்றவருடைய பிள்ளைகளைப் பற்றி உசாவுவது வழக்கம். மருத்துவபீடத்திலே பயில்பவன், கணக்காளர் பரீட்சைக்குத் தோற்றுபவன், வங்கியில் அமர்ந்தவன் ஆகியோரைப் பற்றிய விடைகள் உரத்த குரலில் வரும். “அவன் கராஜிலை நிக்கிறான்” என்னும் விடை மட்டும் குரல் தாழ்ந்தே வரும். அடுத்த கணம் பேச்சு மழையைப் பற்றியதாக மாறிவிடும்.

நான் லொறி வைத்துத் தொழில் நடத்தியவன், ஸ்பனர் பிடித்தவனல்லன். ஆயினும் பிடித்தவர்களுக்குப் பல்லாண்டுகள் கூலி கொடுத்தவன். நல்ல தொழில்வல்லுநர் ஒருவருக்கும் அரைகுறையாகக் கற்றவருக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றுச்சீட்டுக்களிலே படித்தறிந்தவன். அவ்வேறுபாடு கைவலிமையில் இல்லை என்பதையும், நாம் வகுப்பறையிற் கற்பிக்கும் அதே கணிதத்திலும் பௌதிகத்திலும் காரணகாரிய ஆராய்ச்சியிலும் அது தங்கியிருக்கிறது என்பதையும் எடுத்துக்காட்டுவதே ஈண்டு என் நோக்கம்.

முதலில் இயந்திரத்தை நோக்குவோம். உறுடோல்ஃப் டீசல் 1858ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரிற் பிறந்தார். தந்தை புத்தகங் கட்டும் தொழிலாளி. மகன் மூனிச் நகரத் தொழினுட்பக் கல்லூரியிலே பேராசிரியர் லிண்டேயிடம் வெப்பவியல் பயின்றார். எரிக்கும் நிலக்கரியின் ஆற்றலிலே மிகச் சிறிய பங்கையே நீராவி இயந்திரம் வேலையாக மாற்றுகின்றது என்று அவ்வகுப்பிலே கேட்ட செய்தி அவர் உள்ளத்தை விட்டகலவில்லை. படிப்போடு அவர் நின்றுவிடவுமில்லை. சுவிற்சர்லாந்திலே வின்ரர்தூர் நகரத்துச் சுல்சர் தொழிற்சாலையில் வேலைப் பயிற்சியும் பெற்றார். 1893இல் ஔக்ஸ்பேர்க் நகரில் நடந்த முதற் சோதனையிலே அளவுகருவி வெடித்துச் சிதறியது. அருகில் நின்றவர் உயிர் தப்பினார். 1897இல் அதே நகரில் அளந்து பார்க்கப்பட்ட இயந்திரமோ, எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ 26 சதவீதத்தை வேலையாக மாற்றியது. அக்காலத்து நீராவி இயந்திரங்கள் கனவிலும் காணாத அளவு அது. 1913ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்குக் கப்பலிற் சென்றுகொண்டிருந்த டீசல் இரவோடிரவாகக் காணாமற் போனார். அவர் பெயர் மாத்திரம் இன்று உலகின் வீதிகளிலெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது.

பெற்றோல் இயந்திரத்தில் எரிபொருளும் வளியும் கலந்த கலவைக்கு மின்பொறி தீ மூட்டுகின்றது. டீசல் இயந்திரத்தில் மின்பொறி என்பதே இல்லை. உருளைக்குள் வளி மாத்திரமே நுழைகின்றது. பிஸ்டன் எனப்படும் முசலம் மேலெழுந்து அவ்வளியைப் பதினாறில் ஒரு பங்குக்கும், சில இயந்திரங்களில் இருபதில் ஒரு பங்குக்கும் நெருக்குகின்றது. விரைந்து நெருக்கப்படும் வளி சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சிறுவன் பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டு அறிந்த உண்மை இது. 27 பாகை செல்சியசில் உள்ள வளியைப் பதினாறில் ஒரு பங்காக நெருக்கினால் வெப்பநிலை எவ்வளவாகும் என்பதை உயர்தர வகுப்பு மாணவர் கணித்துப் பார்க்கலாம். விடை 600 பாகையைக் கடக்கும். உருளைச் சுவர் வெப்பத்தின் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்வதால் உண்மையில் அது சற்றுக் குறையும். ஆயினும், அந்த வேளையில் நுண்துளைகளினூடாகச் சீறிப் பாயும் டீசல் எண்ணெய் தானே தீப்பற்றுவதற்கு அது தாராளமாகப் போதும்.

இதிலிருந்து ஒரு முடிபு பெறப்படும். நெருக்கல் தளர்ந்தாலும், எண்ணெய் தக்க நேரத்தில் தக்க அளவாகத் தக்க நுண்மையோடு தெளிக்கப்படாவிடினும் இயந்திரம் ஓடாது, ஓடினாலும் புகைக்கும். நேரம் என்று சொன்னேன். ஆறு உருளைகள் கொண்ட லொறி இயந்திரமொன்று நிமிடத்துக்கு 2000 சுற்றுச் சுழலும்போது ஒரு செக்கனில் நூறு தடவை எண்ணெய் தெளிக்கப்பட வேண்டும். ஒவ்வொரு தெளிப்பும் ஒரு செக்கனில் ஏறத்தாழ ஐந்நூறில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். இவ்வளவு நுணுக்கமான வேலையைச் செய்யும் பம்பை ரோபேட் பொஷ் என்பாரின் நிறுவனம் 1927இல் தொகையாகச் செய்து வெளியிடத் தொடங்கிய பின்னரே டீசல் இயந்திரம் லொறிக்கு உரிய இயந்திரமாயிற்று. அந்தப் பம்பினுள் அசையும் தண்டுக்கும் அதன் உறைக்கும் இடையேயுள்ள இடைவெளி ஓரிரு மைக்ரோன் மாத்திரமே. மனிதத் தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோன். ஆகவே, கண்ணுக்குத் தெரியாத தூசி ஒன்று அங்கே பாறாங்கல்லாகிவிடும்.

இத்தொழிலின் முதற்பாடம் தூய்மையாக அமைவதன் காரணம் இதுவே. எண்ணெய்க் கறை படிந்த சட்டையைக் கொண்டு இத்தொழிலை அழுக்கானது என்று மதிப்பிடுவோர், நல்ல பட்டறையிலே எரிபொருட் பம்பு கழற்றப்படும் அறையை ஒருமுறை எட்டிப் பார்த்தல் நன்று. பஞ்சும் நூலும் உதிரும் துணியை அங்கே அனுமதியார். குழாயொன்று கழற்றப்பட்டால் அடுத்த கணமே அதன் வாய்க்கு மூடி இடப்படும். கழற்றுவதற்கு முன் வெளிப்புறம் கழுவப்பட்டிருக்கும். கழற்றிய உறுப்புக்கள் கழற்றிய ஒழுங்கிலேயே தட்டில் அடுக்கப்பட்டிருக்கும். நம் வீட்டுப் பூசையறைகள் யாவும் இவ்வளவு ஒழுங்காக இருக்கின்றனவா என்று நான் ஐயுற்றதுண்டு.

தூய்மையை அடுத்து வருவது அளத்தல். ஜேர்மன் முறையைத் தழுவிய பயிற்சிகளிலே, புதிதாகச் சேர்ந்த மாணவனை உடனே இயந்திரத்தின் அருகில் விடுவதில்லை. இரும்புத் துண்டொன்றையும் அரத்தையும் கொடுத்து, அத்துண்டின் பக்கங்கள் ஒன்றற்கொன்று செங்குத்தாகுமாறு அராவச் சொல்வர். நாட்கணக்கில் அராவினாலும் ஒரு மூலையில் ஒளி கசியும். இயந்திரம் கற்க வந்த பையனுக்கு இது தண்டனைபோலத் தோன்றும். வீட்டுக்கு ஓடியவர்களும் உளர். ஆனால் ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு என்பது எவ்வளவு என்பதை அவன் கை அவ்வாறுதான் கற்றுக்கொள்கிறது. பிறகு வேணியர் இடுக்குமானியும் நுண்மானித் திருகுக் கணிச்சியும் அவன் கைக்கு வருகின்றன. இவை நம் கல்லூரிப் பௌதிக ஆய்வுகூடத்தில் உள்ள கருவிகளே. அங்கே பரீட்சைக்காகக் கண்ணாடிக் குற்றியின் தடிப்பை அளந்து அலுமாரிக்குள் வைத்துவிடுகின்றோம். பட்டறையிலோ, கிராங்குத் தண்டின் கழுத்து எவ்வளவு தேய்ந்திருக்கிறது, அது நீள்வட்டமாகிவிட்டதா, அதனை அரைத்துச் சிறிதாக்க வேண்டுமா என்னும் கேள்விகளுக்கு அதே கருவி விடை சொல்கின்றது. விடை பிழைத்தால் உரிமையாளர் பல இலட்சம் ரூபா இழப்பார்.

அதன் பின்னர் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டுதல், வால்வு இடைவெளி சரிசெய்தல், குளிரூட்டும் நீரோட்டம், உயவு எண்ணெய், கிளச், கியர்ப்பெட்டி, பின் அச்சு எனப் பாடம் விரிந்து செல்லும். அவற்றை ஈண்டு விரிக்கின் பெருகும். ஒன்றை மட்டும் குறிப்பேன்: ஆணியை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதற்கும் அளவு உண்டு. உருளைத் தலையின் ஆணிகளை நடுவிலிருந்து தொடங்கி, குறித்த ஒழுங்கில், படிப்படியாக, விசை காட்டும் சாவியினால் முறுக்குதல் வேண்டும். “இறுகும்வரை இறுக்கு” என்பது கற்றவன் வாக்கன்று.

இத்தொழிலின் உயிர்நிலை பழுதைக் கண்டறிதலாகும். என் அனுபவம் ஒன்றைச் சொல்லுகிறேன். என் லொறியொன்று காலைவேளைகளில் எளிதில் இயங்க மறுத்தது. கைப்பம்பை இருபது முப்பது தடவை அமுக்கினால் இயங்கும். இயங்கிவிட்டால் கொழும்புவரை சுமையோடு குறையின்றி ஓடும். நான் வழக்கமாகச் செல்லும் கராஜிலே முதலில் பற்றரியை மாற்றினார்கள். பின்பு நொசில்கள் யாவற்றையும் மாற்றினார்கள். அதன் பின்னர் பம்பையே கழற்றிக் கொழும்புக்கு அனுப்பித் திருத்தினார்கள். ஒவ்வொரு முறையும் பெருந்தொகை செலவாயிற்று. பழுது மாத்திரம் மாறாது நின்றது.

அப்போது தொழிற்பயிற்சி முடித்துவந்த இளைஞன் ஒருவன் அங்கே புதிதாகச் சேர்ந்திருந்தான். அவன் எதையும் கழற்றவில்லை. ஒரு கலனில் டீசலை நிரப்பி, இயந்திரத்துக்கு மேலே உயரத்திற் கட்டித் தூக்கினான். தாங்கியிலிருந்து வரும் குழாயைப் பிரித்துவிட்டு, கலனிலிருந்து ஒரு குழாயை நேரே பம்புக்கு இணைத்து, இரவு முழுவதும் அப்படியே விட்டான். மறுநாட் காலை முதற்சுழற்சியிலேயே இயந்திரம் இயங்கிற்று. ஆகவே பற்றரி, நொசில், பம்பு ஆகிய மூன்றும் குற்றமற்றவை. குற்றவாளி தாங்கிக்கும் பம்புக்கும் இடையேயுள்ள வழியிலே ஒளிந்திருத்தல் வேண்டும். தேடியபோது றப்பர்க் குழாயிலே, இறுக்கும் வளையத்துக்கு அடியில், மயிரிழை போன்ற வெடிப்பொன்று காணப்பட்டது. டீசல் வெளியே ஒரு துளியும் சிந்தாமையால் அதனை எவரும் ஐயுறவில்லை. சிந்தாமைக்கும் காரணம் உண்டு. பம்பு உறிஞ்சும் பக்கத்திலே குழாயினுள் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்திலும் குறைவு. வெடிப்பினூடாக எண்ணெய் வெளியேறாது, வளியே உட்புகும். இரவிலே அவ்வளி சேர, எண்ணெய் தாங்கிக்குத் திரும்பிவிடும். ஒரு முழ றப்பர்க் குழாயின் விலையோடு கருமம் முடிந்தது.

அந்த இளைஞன் செய்ததை எண்ணிப் பார்ப்போம். ஐயத்துக்குரிய இடங்களை இரு கூறாகப் பிரித்தான். ஒரு கூற்றை முற்றாக விலக்கும் சோதனையொன்றை அமைத்தான். சோதனையின் விடையை ஏற்றுக்கொண்டான். தருக்கநூல் பயின்ற பண்டிதர் செய்யத்தக்கதும் இதுவேயாம். மற்றவர்களோ ஊகித்தார்கள், ஊகத்தின் விலையை என்னிடம் அறவிட்டார்கள். அவர்கள் நேர்மையற்றவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். கழற்றவும் பூட்டவும் அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. ஏன் என்று கேட்க எவரும் கற்பிக்கவில்லை.

புகையையும் இவ்வாறே வாசித்தல் வேண்டும். கரும்புகை, எண்ணெய்க்குப் போதிய வளி கிடைக்கவில்லை என்பதன் அறிகுறி. வளிவடி அடைபட்டிருக்கலாம், டேர்போ பழுதாகியிருக்கலாம், நொசில் தெளிக்காது ஒழுக்கலாம். நீலப்புகை, உயவு எண்ணெய் உருளைக்குட் சென்று எரிவதைக் காட்டும். வெண்புகை, எரியாத டீசலாகவோ, தலை அடைப்பினூடாகக் கசிந்த நீரின் ஆவியாகவோ இருக்கும். கரும்புகையைக் கண்டவுடன் பம்பைக் கழற்றுபவன் உளன். முதலில் வளிவடியைத் தட்டிப் பார்ப்பவனும் உளன். மலிவானதும் எளிதானதுமான சோதனையை முதலிற் செய்தல் என்னும் விதியை நல்ல ஆசிரியர்கள் முதல் மாதத்திலேயே மனத்திற் பதிப்பித்துவிடுவர்.

இனி, தவறினால் உயிரையே வாங்கும் பாடங்களுக்கு வருவோம். கனரக லொறியின் பிறேக்கு, காரின் பிறேக்கைப்போல் எண்ணெயினால் இயங்குவதன்று. நெருக்கிய வளியினால் இயங்குவது. இயந்திரத்தோடு ஓடும் அமுக்கி, தாங்கிகளிலே 8 பார் அளவில் வளியைச் சேமிக்கின்றது. வளி முழுவதும் கசிந்துவிட்டால் லொறி தறிகெட்டு ஓடுமே என்று நீங்கள் அஞ்சலாம். அதற்காகவே பின்சக்கர அறைகளில் வலிய சுருள்வில் ஒன்று அடைக்கப்பட்டிருக்கிறது. வளியமுக்கம் இருக்கும்வரை அது வில்லை மடக்கி வைத்திருக்கும். அமுக்கம் போனால் வில் விரிந்து பிறேக்கைப் பூட்டிவிடும். காப்பாற்றும் அந்த வில்லே திருத்துபவனுக்கு எமன். அடைப்பு ஆணியிட்டு வில்லைக் கட்டாமல் அவ்வறையின் கவ்வியைக் கழற்றினால், பல நூறு கிலோகிராம் எடைக்கு ஈடான விசையோடு மூடி பறக்கும். நம் நாட்டு ஈரக் காற்றில் தாங்கிகளில் நீரும் சேரும். அதை நாள்தோறும் வடித்துவிடாமல் வால்வுகள் துருப்பிடிப்பதையும், அதன் விளைவு மலைச்சரிவிலே தெரியவருவதையும் சாரதிகள் அறிவர். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுச் செல்லும் சாரதி, அந்த இடைவேளையிலேயே தாங்கியின் வடிவாயையும் ஒருமுறை இழுத்துவிட்டால் பிள்ளையார் கோபிக்கமாட்டார்.

எரிபொருள் முறையிலும் இடர் பெருகியிருக்கிறது. பழைய இன்ஜெக்டர்கள் 200 பார் அளவிலே திறந்தன. 1995 தொடக்கம் யப்பானிய லொறிகளிலும், 1997 தொடக்கம் ஐரோப்பியக் கார்களிலும் இடம்பெற்ற ‘கொமன் றெயில்’ முறையில் அமுக்கம் படிப்படியாக உயர்ந்து, இன்று 2000 பாரையும் கடந்துவிட்டது. அவ்வமுக்கத்திற் கசியும் டீசல் கண்ணுக்குத் தெரியாத ஊசியாகும். கசிவை விரலினால் தடவித் தேடிய பழைய பழக்கத்தை இங்கே கையாளுபவனுக்கு எண்ணெய் தோலைத் துளைத்து உட்செல்லும். காயம் எறும்பு கடித்ததுபோலத் தோன்றும். சத்திரசிகிச்சை தாமதித்தால் விரலையோ கையையோ இழக்க நேரும். நாற்பதாண்டு அனுபவம் உடைய பாஸ் ஒருவர் தம் அனுபவத்தாலேயே ஆபத்துக்குள்ளாகக் கூடிய இடம் இது. அனுபவத்தோடு முறையான கல்வியும் வேண்டும் என்பதற்கு இதனினும் வலிய சான்று எனக்குத் தெரியவில்லை.

அம்முறையை ஆளுவது மின்னணு மூளை ஒன்று. பழுது நேர்ந்தால் அது ஓர் இலக்கத்தைப் பதிந்து வைக்கும். கருவியை இணைத்தால் அவ்விலக்கத்தைக் காட்டும். கருவி இருந்தால் கல்வி வேண்டியதில்லை என்று எண்ணும் புதிய மயக்கமொன்று இதனாற் பரவியிருக்கிறது. உணரியின் மின்னழுத்தம் குறைவு என்று அவ்விலக்கம் கூறும். உணரி பழுதா, கம்பி அறுந்ததா, இணைப்பிலே பச்சைக் களிம்பு படிந்ததா என்பதைக் கூறாது. அது சாட்சியேயன்றி நீதிபதியன்று. நீதி வழங்க, ஓமின் விதியை அறிந்தவனும், 24 வோற்றுச் சுற்றிலே மானியை எங்கே வைத்து அளப்பது என்பதை அறிந்தவனும், ஆங்கிலத்தில் அச்சான சுற்றுப்படத்தை வாசிக்கத் தெரிந்தவனும் வேண்டும். இவற்றோடு இரசாயனமும் சேர்ந்துவிட்டது. ஐரோப்பிய விதிகளுக்கு அமைந்த புதிய லொறிகளிலே புகைபோக்கியினுள் யூரியாக் கரைசல் தெளிக்கப்படுகின்றது. அதிலிருந்து பிறக்கும் அமோனியா, நைதரசன் ஒட்சைட்டுக்களை நைதரசனாகவும் நீராகவும் மாற்றுகின்றது. கரைசலில் யூரியா 32.5 சதவீதம் இருத்தல் வேண்டும். வயலுக்கு இடும் யூரியாவைக் கிணற்று நீரிற் கரைத்து ஊற்றிப் பணம் மீதப்படுத்த முயல்வோர், நீரிலுள்ள உப்புக்களால் ஊக்கியைக் கெடுத்து, மீதப்படுத்தியதிற் பன்மடங்கை இழப்பர்.

இவற்றையெல்லாம் எங்கே, எவ்வாறு கற்கிறார்கள்? ஜேர்மனியிலே ஒரே மாணவன் ஒரே காலத்தில் இரண்டு இடங்களில் கற்கின்றான். வாரத்தின் பெரும்பகுதி பட்டறையிலும் எஞ்சியது தொழிற்பாடசாலையிலும் கழியும். மூன்றரை ஆண்டுக் காலம். முன்பு வெவ்வேறாக இருந்த வாகன மெக்கானிக், வாகன மின்வேலையாளர் என்னும் தொழில்கள் 2003இல் ஒரே தொழிலாக இணைக்கப்பட்டன. லொறி, பஸ் முதலிய வர்த்தக வாகனங்கள் அதனுள் ஒரு தனிச் சிறப்புப் பிரிவு. மாணவன் தான் செய்த வேலைகளைக் குறிப்பேட்டில் எழுதிவருதல் கட்டாயம். அக்குறிப்பேடின்றி இறுதிப் பரீட்சைக்குத் தோற்ற முடியாது. பின்னர் அனுபவம் பெற்று ‘மைஸ்ரர்’ பரீட்சையிலும் தேறியவர் தாமே பட்டறை நடத்தவும் பயிலுநரைப் பயிற்றவும் உரிமை பெறுவர். அங்கே அப்பட்டம் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பெருமை உடையது.

இம்முறையின் கிளையொன்று நம் நாட்டிலும் ஊன்றப்பட்டது. 1958இல் பஸ் சேவைகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவாயிற்று. எண்ணற்ற டீசல் வண்டிகளைப் பேணுவதற்குப் பயிற்றப்பட்ட கைகள் வேண்டியிருந்தன. மறு ஆண்டிலே, 1959இல், மேற்கு ஜேர்மனியின் உதவியுடன் இலங்கை ஜேர்மன் தொழினுட்பப் பயிற்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. இன்று மொறட்டுவையில் அமைந்துள்ள அந்நிறுவனத்திற் பயின்றவர்களை நாட்டின் பெரும் பட்டறைகள் பலவற்றிலே காணலாம். போருக்குப் பின்னர், 2016இல், கிளிநொச்சி அறிவியல் நகரிலும் ஜேர்மன் உதவியுடன் தொழிற்பயிற்சி நிறுவனமொன்று திறக்கப்பட்டது. வன்னிக்கும் குடாநாட்டுக்கும் அது கிட்டிய வாய்ப்பு. மோட்டார் வாகனத் தொழினுட்பம் அங்கே கற்பிக்கப்படும் துறைகளுள் ஒன்று.

தகைமைகளையும் பெற்றோர் அறிந்திருத்தல் நன்று. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் வழி வந்த மூன்றாம்நிலைக் கல்வி, தொழிற்கல்வி ஆணைக்குழுவின் மேற்பார்வையிலே தேசிய தொழிற்றகைமை என்னும் ஏணி அமைந்துள்ளது. அதற்கு ஏழு படிகள். நான்காம் படிவரை சான்றிதழ்கள். ஐந்தும் ஆறும் டிப்ளோமாக்கள். ஏழாவது பட்டத்துக்கு ஒப்பானது. ஆகவே, கராஜிலே தொடங்கியவன் கராஜிலேயே முடங்க வேண்டும் என்னும் விதி இல்லை. பல்லாண்டு வேலை செய்து கைதேர்ந்தும் கடதாசி ஒன்றும் இல்லாதவர்கள் தம் திறமையைச் செய்துகாட்டி, முன்னைய கற்றலுக்கான மதிப்பீட்டின் மூலம் இவ்வேணியில் ஏறவும் வழியுண்டு. இவ்வழியை அறியாத பாஸ்மார் நம் ஊர்களில் இன்னும் பலர் இருக்கின்றனர் என்பது என் கவலை. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் லொறி, பஸ் திருத்தும் தொழில் சான்றிதழ் இன்றியோ பயிலுநராகப் பதியாமலோ செய்யக்கூடாத தொழில்களுள் ஒன்றாகும். இங்கே இருபதாண்டு இயந்திரம் பிரித்தவர் அங்கே சென்று, கையில் ஆதாரமின்றி அடிப்படியிலிருந்து தொடங்க நேர்வது அதனாலேயே.

நம் ஊர்க் கராஜ்களின் பயிற்சிமுறையை நான் இழித்துரைக்க விரும்பவில்லை. சின்னப் பொடியனாகச் சேர்ந்து, உறுப்புக் கழுவி, தேநீர் வாங்கி, ஸ்பனர் எடுத்துக் கொடுத்து, பாசின் கையைப் பார்த்துப் பார்த்துக் கற்றவர்களே பஞ்ச காலத்திலும் போர்க்காலத்திலும் நம் வாகனங்களை ஓட வைத்தார்கள். டீசல் கிடையாத நாட்களில் மண்ணெண்ணெயைக் கொண்டு இயந்திரங்களை இயக்கிய கெட்டித்தனத்தை எந்தப் பாடநூலும் கற்பிக்கவில்லை. இயந்திரத்தின் ஒலியைக் கேட்டே எந்த உருளை தளர்ந்தது என்று சொல்லும் செவி, வகுப்பறையிலே கிடைப்பதன்று. ஆனால் அம்முறையிலே பொடியன் எதைக் கற்பான் என்பது எந்த வாகனம் பழுதாகி வருகிறது என்பதைப் பொறுத்தது. பாஸ் சொல்லாததைக் கேட்கவும் அவனுக்கு உரிமையில்லை. கண்காப்பும் கையுறையும் அங்கே ஆடம்பரமாகக் கருதப்படும். ஐந்தாண்டு கழிந்த பின்னும் அவன் கையிற் சான்று இராது. ஊதியம் பாசின் மனநிலையைப் பொறுத்திருக்கும்.

மின்சார லொறிகள் வந்துவிட்டால் இத்தொழில் அழிந்துவிடாதா என்று ஒரு பெற்றோர் என்னைக் கேட்டார். வருகின்றன, ஜேர்மனியிலே உயர்மின்னழுத்தப் பிரிவும் இதே தொழிலின் ஒரு சிறப்பாகவே கற்பிக்கப்படுகின்றது. ஆயின் நம் வீதிகளில் ஓடும் லொறிகளின் வயதைப் பார்த்தவர்கள் டீசல் இயந்திரம் நாளை மறையும் என்று சொல்லத் துணியார். பிறேக்கும் அச்சும் எந்த லொறிக்கும் உண்டு. அளக்கவும் ஆராயவும் கற்றவன் புதியதையும் கற்றுக்கொள்வான். மாற்றிப் பூட்ட மட்டும் கற்றவனுக்கே அச்சம் பொருந்தும்.

2013இலே உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு தொடங்கியதும், 2017 தொடக்கம் பதின்மூன்றாண்டுக் கல்வித் திட்டத்தின் கீழ்த் தொழிற்பாடங்கள் பாடசாலைகளுக்கு வந்ததும் நல்ல மாற்றங்கள். எனினும், பரீட்சையிலே தவறியவனை மாத்திரம் அங்கே அனுப்பும் வழக்கம் நம்மிடையே நீடிக்கின்றது. கணிதத்தில் ஆர்வமும் கையில் நுணுக்கமும் உள்ள மாணவனை முதல் விருப்பாகவே இத்துறைக்கு அனுப்பிய பெற்றோரை நான் இருவரையே கண்டிருக்கிறேன். இருவர் பிள்ளைகளும் நன்றாக இருக்கிறார்கள். அதைவிட, தம் தொழிலைப் பற்றி உரத்த குரலிற் பேசுகிறார்கள்.

மகனைச் சேர்க்குமுன் பெற்றோர் அவ்விடத்தை நேரிற் சென்று பார்க்க வேண்டும். அங்கே இயங்கும் இயந்திரம் எத்தனை உண்டு, வெட்டிக் காட்சிக்கு வைத்த இயந்திரம் எத்தனை உண்டு என்று கேளுங்கள். நொசில் சோதிக்கும் மேசை உண்டா, அது அண்மையிலே பயன்பட்டதா என்று பாருங்கள். வளிப்பிறேக்கு முறை முழுமையாக உண்டா, மாணவர் சப்பாத்தும் கண்காப்பும் அணிந்திருக்கிறார்களா என்று நோக்குங்கள். முடியுமாயின் இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவனின் குறிப்பேட்டை வாங்கிப் புரட்டுங்கள். அதிலே, செய்த வேலையோடு அதற்கான காரணமும் எழுதப்பட்டிருந்தால் நம்பிச் சேர்க்கலாம்.

நம் பழைய மாணவரிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. பல பயிற்சிநெறிகளின் இறுதிப்பகுதி, உண்மையான பட்டறையொன்றிலே மாதக்கணக்கிற் பெறவேண்டிய பயிற்சியாகும். அதற்கு இடந்தேடி மாணவர் படி படியாக ஏறி இறங்குகின்றனர். லொறிகளும் பஸ்களும் கராஜ்களும் வைத்திருப்போர் நம் சங்கத்திலே பலர் உளர். ஆண்டுக்கு இருவரை ஏற்பது எவருக்கும் பெருஞ்சுமையன்று. அவர்களைத் தேநீர் வாங்க அனுப்பாது பழுது தேடும் இடத்தில் நிறுத்த ஒப்புக்கொள்வோர், தம் பட்டறையின் பெயரையும் எத்தனை பேரை ஏற்கலாம் என்பதையும் சங்கச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்தால், அடுத்த தவணை தொடங்குமுன் அப்பட்டியலைக் கல்லூரி அறிவித்தற் பலகையில் இடலாம்.